நெக்ஸ்கார்19 கார்-டி சிகிச்சை: மருந்துக்கு முழு மதிப்பெண், ஆஸ்பத்திரி ஏற்பாட்டுக்குப் பாதிதான்

லிம்போமா என்ற நிணநீர்ப் புற்று திரும்பி வந்துவிட்டது, டாக்டர் கார்-டி சிகிச்சை என்கிறார், இவ்வளவு பணத்தைப் போட்டுப் போகலாமா என்று தெரிந்தவர்கள் மூலம் அடிக்கடி யாராவது கேட்கிறார்கள். எல்லாரிடமும் போனில் அரைகுறையாகச் சொல்வதைவிட, எங்கள் வீட்டில் நடந்ததை வைத்து முழுதாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. சிகிச்சை எடுத்தது என் அக்காவின் கணவர். அத்தானுக்கு வயது 58, மும்பை செம்பூரில் இருக்கிறார்கள். நான் டாக்டர் இல்லை, அட்டெண்டராகக் கூடவே இருந்தவன். ஆஸ்பத்திரி பெயரை எழுதப்போவதில்லை, கேட்காதீர்கள். நெக்ஸ்கார்19 என்ற இந்த கார்-டி மருந்தை இப்போது சென்னை உட்படப் பல ஊர்களில் பல ஆஸ்பத்திரிகள் தருகின்றன, நான் சொல்லும் குறைகள் எதுவும் ஓர் இடத்துக்கு மட்டும் உரியவை அல்ல.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டாக்டர் உங்களுக்குப் பொருந்தும் என்று சொன்னால், பணத்துக்கும் வழி இருந்தால், தயங்காமல் போங்கள், சீக்கிரம் போங்கள். ஆனால் ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுக்கும்போது அந்த மருந்து அங்கே கிடைக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். மருந்து எங்கே வாங்கினாலும் ஒரே மருந்துதான், நவி மும்பையில் ஒரே இடத்தில்தான் தயாராகிறது. அது உடம்புக்குள் ஏறுவதற்கு அரை மணி நேரம்கூட ஆகாது. அதற்குப் பிறகு வரும் ஒரு மாதம், குறிப்பாக முதல் இரண்டு வாரம், ராத்திரி இரண்டு மணிக்குக் காய்ச்சல் வந்தால் யார் வந்து பார்க்கிறார்கள் என்பதற்குத்தான் நீங்கள் உண்மையில் பணம் கட்டுகிறீர்கள். அந்த இடத்தில் ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது.

சரி, இது என்ன சிகிச்சை என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம். நம் ரத்தத்தில் இருக்கும் டி செல்கள் நோய்க்கிருமி பிடித்த செல்லை அடையாளம் கண்டு கொல்பவை. ஆனால் புற்றுச்செல் நம் உடம்பிலிருந்தே வந்தது என்பதால் பல நேரம் அவற்றின் கண்ணில் படாமல் தப்பிவிடுகிறது. கார்-டி சிகிச்சையில் நோயாளியின் டி செல்களையே வெளியே எடுத்து, நோய் உண்டாக்காதபடி முடக்கிய ஒரு வைரஸின் மூலம் அவற்றுக்குள் புது மரபணு ஒன்றைச் செலுத்துகிறார்கள். அதன் பிறகு அந்த டி செல்லின் மேற்பரப்பில் ஒரு புது ஏற்பி முளைக்கிறது. அந்த ஏற்பி, பி செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுக்களின் மேல் இருக்கும் சிடி19 என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். பி செல் லிம்போமாவிலும் பி செல் ரத்தப் புற்றிலும் கெட்டுப்போன செல்கள் பெரும்பாலும் இந்தச் சிடி19ஐச் சுமந்துகொண்டுதான் திரிகின்றன. மாற்றிய செல்களைக் கோடிக்கணக்கில் பெருக்கி, உறையவைத்து, திரும்ப நோயாளிக்கே ஏற்றிவிடுகிறார்கள். உள்ளே போன பிறகும் அவை பெருகும். மாத்திரை மாதிரி கரைந்து போய்விடுவதில்லை. அமெரிக்காவில் 2010இல் இந்தச் சிகிச்சை எடுத்த முதல் நோயாளிகளில் இருவருக்குப் பத்து ஆண்டு கழித்தும் அந்தச் செல்கள் ரத்தத்தில் இருந்தன என்று 2022இல் ஆய்வுக் கட்டுரையே வந்தது.

நெக்ஸ்கார்19 என்பது இந்தியாவில் அனுமதி பெற்ற முதல் கார்-டி. ஐஐடி பம்பாயில் ராகுல் புர்வாரின் ஆய்வகத்தில் உருவானது, மும்பை டாட்டா மெமோரியல் புற்றுநோய் ஆஸ்பத்திரி டாக்டர்களோடு சேர்ந்து சோதித்தார்கள், தயாரிப்பது இம்யூனோஆக்ட் என்ற நிறுவனம். 2023 அக்டோபரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி கொடுத்தது. 2024 ஏப்ரலில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு ஐஐடி பம்பாய்க்கு வந்து தொடங்கிவைத்தார். பி செல் லிம்போமாவும் பி செல் அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுக்கேமியா என்ற ரத்தப் புற்றும் வழக்கமான சிகிச்சைக்கு அடங்காமல் போனாலோ திரும்பி வந்தாலோ, 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குத் தரலாம். இதைத் தவிர வேறு புற்றுநோய்க்கு இது இல்லை. மார்பகம், நுரையீரல், குடல், வாய் என்று எதற்கும் இந்த மருந்து வேலை செய்யாது. அந்தச் செல்களில் சிடி19 கிடையாது.

அத்தானுக்கு வந்தது டிஎல்பிசிஎல் என்ற வேகமான லிம்போமா. வழக்கம்போல ஆர்-சாப் கீமோ முழுக் கோர்ஸும் ஓடியது, புற்று இருக்கும் இடத்தை ஒளிரவைத்துக் காட்டும் பெட் ஸ்கேன் சுத்தமாக வந்தது, வீட்டில் எல்லாரும் மூச்சுவிட்டோம். ஒரு வருஷம் ஆவதற்குள் கழுத்தில் மறுபடியும் கட்டி. இந்த ஒரு வருஷக் கணக்கு முக்கியமானது. முதல் கீமோ முடிந்து 12 மாதத்துக்குள் திரும்புகிற டிஎல்பிசிஎல்லுக்கு, இன்னும் கடுமையான கீமோ கொடுத்துப் பிறகு சொந்த ஸ்டெம் செல் மாற்று செய்யும் பழைய பாதையைவிட கார்-டி மேல் என்று வெளிநாட்டு மருந்துகளை வைத்து நடந்த இரண்டு பெரிய ஒப்பீட்டு ஆய்வுகள் காட்டின. அமெரிக்காவில் 2022இலேயே இரண்டாவது கட்டத்தில் கொடுக்க அனுமதித்துவிட்டார்கள். இங்கே பல குடும்பங்கள் மூன்றாவது, நான்காவது கீமோ வரை போய், உடம்பும் நொந்து, கையில் இருந்த பணமும் கரைந்த பிறகுதான் கார்-டி பற்றிக் கேள்விப்படுகின்றன. அதற்குள் கீமோவில் அடிபட்டு அடிபட்டு டி செல்களே தேய்ந்துபோயிருக்கும். மருந்தின் மூலப்பொருளே நம் டி செல்தான், அது சோர்ந்திருந்தால் எந்தத் தொழிற்சாலை என்ன செய்யும்? நோய் திரும்பியது என்று தெரிந்த அன்றே டாக்டரிடம் ‘கார்-டி ஒரு வழியா?’ என்று கேளுங்கள். குறிப்பாக பெண்டாமஸ்டின் என்ற கீமோ மருந்தைத் தொடங்கப் போகிறார்கள் என்றால், அதற்கு முன்னால் கட்டாயம் கேளுங்கள், செல் எடுப்பதற்குச் சற்று முன்பு அந்த மருந்து ஏறியிருந்தால் டி செல்களின் தரம் கெடுகிறது.

இனி நடைமுறை. முதலில் ஒரு கட்டு டெஸ்ட்: இதயத்துக்கு எக்கோ, எச்ஐவி, ஹெபடைட்டிஸ், லிம்போசைட் (டி செல், பி செல் அடங்கிய வெள்ளை அணுக்கள்) கவுண்ட், புது பெட் ஸ்கேன், கட்டியிலிருந்து துண்டு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி மறுபடியும். பயாப்ஸி எதற்கு என்று அக்கா முணுமுணுத்தாள், ஆனால் திரும்பி வந்த கட்டியில் சிடி19 இருக்கிறதா என்று பார்க்காமல் இவ்வளவு பணம் கட்டுவது சரியில்லை.

அடுத்தது அஃபெரசிஸ். அதாவது ரத்தத்தை ஒரு மெஷின் வழியே ஓடவிட்டு வெள்ளை அணுக்களை மட்டும் பிரித்தெடுத்து மீதியைத் திரும்ப உடம்புக்கே அனுப்புவது. சில மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும், வலி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. உதடும் விரல் நுனியும் கூசுவது போல இருக்கிறது என்று அத்தான் சொன்னார். ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கும் மருந்து கால்சியத்தை இறக்கிவிடுவதால் வருவது அது, டெக்னீஷியனிடம் உடனே சொன்னால் கால்சியம் கொடுப்பார். அந்த ரத்த வங்கியில் இருந்த டெக்னீஷியன்கள் பொறுமைசாலிகள், ஒவ்வொரு குழாயும் எதற்கு என்று சொல்லிச் சொல்லிச் செய்தார்கள். இந்த முழு சிகிச்சையிலும் எனக்கு மனசு நிறைந்த இடங்களில் அது ஒன்று.

செல்கள் தொழிற்சாலைக்குப் போன பிறகு காத்திருப்பு. மூன்று நான்கு வாரம் ஆகும் என்று சொன்னார்கள், அப்படித்தான் ஆனது. இந்த இடைவெளியில் நோய் சும்மா இருக்காது, கட்டியை அடக்கிவைக்க நடுவில் கீமோவோ ரேடியேஷனோ கொடுப்பார்கள். மனசுக்கு மிகவும் கஷ்டமான காலம் இதுதான் என்று நினைக்கிறேன், ஏனென்றால் கட்டி வளர்கிறதா என்று அத்தான் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பார், அக்கா பார்க்காத நேரத்தில். காத்திருக்கும் காலம் குறையவேண்டும் என்பது இந்தத் துறையில் இருக்கிற எல்லாருடைய முயற்சியும். வேலூர் சிஎம்சியில் செல்லை வெளியே அனுப்பாமல் ஆஸ்பத்திரிக்குள்ளேயே 9 நாள் அளவில் தயாரித்து ஏற்றும் ஆய்வு நடந்திருக்கிறது. அது பரவலாக வந்தால் வேகமான லிம்போமா உள்ளவர்களுக்குப் பெரிய விஷயம்.

செல் தயார் என்று தகவல் வந்ததும் அட்மிஷன். ஃப்ளூடராபின், சைக்ளோபாஸ்ஃபமைட் என்று இரண்டு மருந்தை மூன்று நாள் கொடுத்து உடம்பில் இருக்கிற பழைய லிம்போசைட்டுகளை இறக்குகிறார்கள், புதிதாக வருபவை பெருக இடம் வேண்டுமே. அப்புறம் அந்த நாள். திரவ நைட்ரஜன் புகையும் ஒரு பெரிய டப்பாவைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள், பையின் மேல் இருந்த பெயரையும் எண்ணையும் இரண்டு பேர் மாற்றி மாற்றி வாசித்துச் சரிபார்த்தார்கள், வெந்நீர்த் தொட்டியில் உருக்கினார்கள், ஏற்றினார்கள். முடிந்தது. செல்லைப் பாதுகாக்கச் சேர்க்கும் ரசாயனத்தால் அறை முழுக்கப் பூண்டு நாற்றம் மாதிரி ஒன்று அடிக்கும், அடுத்த நாள் வரை நோயாளியின் மூச்சிலும் இருக்கும், பயப்பட ஒன்றுமில்லை. இவ்வளவு பணம் கட்டி, இவ்வளவு காலம் காத்திருந்து, இவ்வளவு சின்னப் பையா என்று அக்கா என் காதில் கேட்டாள்.

உண்மையான சோதனை அதற்குப் பிறகு. டி செல்கள் புற்றுச்செல்லைத் தாக்கத் தொடங்கும்போது சைட்டோகைன் என்ற வேதிப்பொருள்கள் வெள்ளமாக ரத்தத்தில் இறங்குகின்றன. காய்ச்சல், ரத்த அழுத்தம் இறங்குதல், ஆக்சிஜன் குறைதல் என்று வரும். ஆஸ்பத்திரியில் சிஆர்எஸ் என்பார்கள். இது சில பேருக்கு உயிருக்கே ஆபத்தாகலாம். பிலடெல்பியாவில் 2012இல் கார்-டி எடுத்த முதல் குழந்தை எமிலி வைட்ஹெட் இந்தச் சிஆர்எஸ்ஸில்தான் சாவின் விளிம்புக்குப் போனாள். அப்போது டோசிலிசுமாப் என்ற மூட்டுவாத மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள், சில மணி நேரத்தில் திரும்பி வந்தாள். அந்த மருந்து ஞாபகத்துக்கு வந்ததற்குக் காரணம், ஆய்வுக்குத் தலைமை தாங்கிய கார்ல் ஜூனின் மகளுக்கே சிறு வயது மூட்டுவாதம் இருந்ததால் அதைப்பற்றி அவருக்கு முன்பே தெரிந்திருந்ததுதான். அந்தக் குழந்தை பிழைத்திருக்காவிட்டால் இந்தத் துறையே அங்கேயே நின்றுபோயிருக்கலாம் என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். இன்று கார்-டி கொடுக்கும் எந்த ஆஸ்பத்திரியிலும் அந்த நோயாளியின் பெயரில் டோசிலிசுமாப் கையிருப்பில் இருக்கவேண்டும். பையை ஏற்றுவதற்கு முன்னால் இதை நர்ஸிடம் நேரடியாகக் கேளுங்கள், ‘வந்துவிடும்’ என்று சொன்னால் விடாதீர்கள், ஃப்ரிட்ஜில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

அத்தானுக்குக் காய்ச்சல் வந்தது, நல்ல காய்ச்சல், நடுக்கத்தோடு. டோசிலிசுமாப் ஒரு டோஸ் போட்டார்கள், அடங்கியது. இங்கே நெக்ஸ்கார்19க்கு ஒரு நல்ல பெயர் உண்டு. முன்பு வந்த சில கார்-டி மருந்துகளில் சிடி19ஐப் பிடிக்கும் பகுதி எலியிலிருந்து வந்த ஆன்டிபாடியின் துண்டு, இதில் அந்தப் பகுதியை மனித ஆன்டிபாடியை ஒத்ததாக மாற்றி அமைத்திருக்கிறார்கள். 2025இல் லான்செட் ஹெமட்டாலஜியில் வந்த ஆய்வில், 64 நோயாளிகள் சேர்ந்த இரண்டு கட்டச் சோதனையில், கடுமையான சிஆர்எஸ் சுமார் 5% பேருக்குத்தான் வந்தது. பலன் கணக்கிட முடிந்தவர்களில் 73% பேருக்கு நோய் குறைந்தோ மறைந்தோ இருந்தது. அதே ஆய்வில் சிகிச்சையின் பக்கவிளைவால் இரண்டு பேர் இறந்தும் இருக்கிறார்கள், அதையும் நான் இங்கே எழுதியாக வேண்டும். ரத்த கவுண்ட் இறங்குவது கிட்டத்தட்ட எல்லாருக்கும் நடக்கும். 73% என்பது குணமானவர்கள் கணக்கு அல்ல, முதலில் பலன் தெரிந்தவர்கள் கணக்கு, அவர்களிலும் பலருக்கு நோய் பிறகு திரும்புகிறது. லிம்போமாவுக்கு அமெரிக்காவில் முதலில் வந்த கார்-டி மருந்தான எஸ்கார்டாவின் ஆய்வில், எல்லா வழியும் மூடிவிட்ட லிம்போமா நோயாளிகளில் ஐந்து ஆண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் சுமார் 43%. வேறு வழியே இல்லாதவர்களுக்கு அது எவ்வளவு பெரிய எண் என்பது அந்த வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும், ஆனாலும் பாதிக்குக் கீழேதான். உங்களிடம் யாராவது ‘நூற்றுக்கு நூறு’ என்று பேசினால் அந்த இடத்தைவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

மூளையைப் பாதிக்கும் பக்கவிளைவும் இந்த வகைச் சிகிச்சையில் உண்டு, குழப்பம், பேச்சுத் தடுமாற்றம், வலிப்புவரைக்கும். அதைக் கண்டுபிடிக்கத் தினமும் ஒரு பரீட்சை வைப்பார்கள். இது எந்த ஊர், எந்த வருஷம், இது என்ன பொருள், நூறிலிருந்து பத்துப் பத்தாகக் குறைத்துச் சொல்லுங்கள், ஒரு வரி எழுதுங்கள். அத்தானுக்குப் பேச்சுக்கு இந்தி நன்றாக வரும், ஆனால் எழுத்து என்றால் தமிழ்தான். அவர் ‘இன்று காலை இட்லி சாப்பிட்டேன்’ என்று எழுதிக் கொடுப்பார், கேரளாக்கார நர்ஸ் அதை முந்தின நாள் வரியோடு வைத்து, எழுத்து கோணுகிறதா, வரி சாய்கிறதா என்று பார்ப்பாள். அக்கா வாசித்துச் சரி என்று தலையாட்டவேண்டும். அதே கேள்விகளை ராத்திரி டியூட்டிக்கு வந்த ஒரு இளம் டாக்டர் வேகமான இங்கிலீஷில் கேட்டு, அத்தான் விழித்ததும், குழப்பம் என்று ஃபைலில் எழுதப் போனார். நான் நடுவில் புகுந்து, இந்தியில் கேளுங்கள் என்று சொன்ன பிறகு எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் வந்தது. சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனால் அந்த ஃபைலில் எழுதுவதை வைத்துத்தான் ஸ்டீராய்டு கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள். நோயாளிக்கு எந்த மொழி வரும் என்று முதல் நாளே எழுதிப் படுக்கைக்கு மேலே ஒட்டச் சொல்லுங்கள்.

ராத்திரி ஏற்பாட்டில்தான் எனக்கு அதிகக் கோபம். பகலில் வரும் சீனியர் டாக்டரும் அவருடைய டீமும் அருமை, கேட்ட கேள்விக்கெல்லாம் உட்கார்ந்து பதில் சொன்னார்கள். இருட்டிய பிறகு அந்த மாடியில் இருந்தவர்களில் கார்-டி நோயாளியைப் பார்த்துப் பழகியவர்கள் எத்தனை பேர் என்று சந்தேகமாகவே இருந்தது. நடுக்கம் வந்த ராத்திரி, ‘கீமோ காய்ச்சல், பாராசிட்டமால் போடுங்கள், காலையில் பார்க்கலாம்’ என்று ஒருவர் போனிலேயே சொல்லப் பார்த்தார். நர்ஸ்தான் பிடிவாதமாக சீனியரைக் கூப்பிட்டாள். நர்ஸுக்குத் தெரிந்திருந்தது, டாக்டருக்குத் தெரியவில்லை. இவ்வளவு பணம் வாங்கும் இடத்தில் இது நடக்கக்கூடாது. எனவே, ஆஸ்பத்திரி பார்க்கப் போகும்போது கேட்கவேண்டிய முதல் கேள்வி, இதுவரை இங்கே எத்தனை பேருக்குக் கார்-டி செய்திருக்கிறீர்கள் என்பது. இரண்டாவது, ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையும் வார்டில் இருப்பவர் யார், சீனியர் எவ்வளவு நேரத்தில் வருவார் என்பது. பதில் சொல்ல யோசித்தார்கள் என்றால் வேறு ஆஸ்பத்திரி பாருங்கள். அறையில் டிவி எவ்வளவு பெரிது என்பதை மார்க்கெட்டிங் ஆள் தானாகவே காட்டுவார், அது நமக்கு வேண்டாம்.

பணம். அமெரிக்காவில் 2017இல் கிம்ரியா என்ற கார்-டி மருந்து வந்தபோது மருந்தின் விலை மட்டும் 4,75,000 டாலர், அன்றைய கணக்கில் மூன்று கோடி ரூபாய். நெக்ஸ்கார்19 டாலர் கணக்கில் அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, 40 லட்சம் ரூபாய் அளவில் வைத்து வந்தது. மரபணுவைச் சுமக்கும் அந்த வைரஸை வெளிநாட்டிலிருந்து வாங்காமல் இங்கேயே தயாரிப்பது விலை இறங்கியதற்கு முக்கியமான காரணம். அந்தச் சாதனையை நான் குறைத்துப் பேசமாட்டேன். இது இல்லாமல் இருந்தால் எங்கள் வீட்டுக்கு இந்தப் பேச்சே வந்திருக்காது. ஆனாலும் 40 லட்சம் என்பது ஒரு வீட்டை விற்கும் பணம். எங்கள் வீட்டில் ஊர் நிலம் போனது, அக்காவின் நகை போனது. தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் வரம்பு ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம், அதை வைத்து இதைத் தொடக்கூட முடியாது. மருந்தைக் கண்டுபிடித்தவர்களும் சோதித்தவர்களும் பெரும்பாலும் மக்கள் பணத்தில் நடக்கும் நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள், அப்படியிருக்க அரசு இதற்கென்று தனியாக ஒரு நிதி வைக்கத்தான் வேண்டும்.

மருந்து விலை மட்டும் பில் அல்ல என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். எங்களுக்குக் கொடுத்த எஸ்டிமேட்டில் டோசிலிசுமாப் இல்லை, ஐசியு இல்லை, டிஸ்சார்ஜுக்குப் பிறகு தேவைப்படும் இம்யூனோகுளோபுலின் என்ற நோய் எதிர்ப்புப் புரதம் இல்லை, பிளேட்லெட் இல்லை. ‘தேவைப்பட்டால்’ என்று கடைசியில் ஒரு வரி மட்டும். தேவைப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பில்லிங் கவுண்டரிலிருந்து போன், டெபாசிட் தீர்ந்துவிட்டது, இன்றைக்கே கட்டுங்கள் என்று, அத்தான் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருக்கும்போது. எஸ்டிமேட் வாங்கும்போதே சிஆர்எஸ் வந்தால் எவ்வளவு, ஐசியுவில் ஒரு வாரம் என்றால் எவ்வளவு, டிஸ்சார்ஜுக்குப் பிறகு மூன்று மாதச் செலவு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் இது பரிசோதனைச் சிகிச்சை என்று சொல்லி மறுத்தது. 2023இலேயே அனுமதி பெற்ற மருந்து எப்படிப் பரிசோதனை ஆகும்? அனுமதி விவரத்தையும் டாக்டரின் கடிதத்தையும் வைத்து மேல்முறையீடு செய்த பிறகு ஒரு பகுதி கொடுத்தார்கள், நவீன சிகிச்சைக்குத் தனி உச்சவரம்பு என்று சொல்லி மீதியை நிறுத்திவிட்டார்கள். உங்கள் பாலிசியில் அந்த உச்சவரம்பு எவ்வளவு என்று நோய் வருவதற்கு முன்னாலேயே எடுத்துப் பாருங்கள். மறுத்தால் அங்கேயே நிற்காதீர்கள், இன்ஷூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்பட்ஸ்மன் வரைக்கும் போகலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. பிரதமர் நிவாரண நிதிக்கும் விண்ணப்பிக்கலாம், சிறு தொகையாவது கிடைக்கலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு யாரும் சரியாகச் சொல்லாத சில விஷயங்கள். இந்த மருந்து கெட்ட பி செல்லோடு நல்ல பி செல்லையும் அழித்துவிடும், இரண்டிலும் சிடி19 இருக்கிறதே. அதனால் மாதக்கணக்கில் நோய் எதிர்ப்புப் புரதம் குறைந்தே இருக்கும், சாதாரண சளிகூட நெஞ்சில் இறங்கிவிடும். இம்யூனோகுளோபுலின் அளவை அவ்வப்போது பார்த்து, குறைந்தால் ஏற்றவேண்டியிருக்கும். வைரஸுக்கும் நிமோனியாவுக்கும் தடுப்பு மாத்திரைகளை நன்றாக இருக்கிறது என்று பாதியில் நிறுத்தக்கூடாது. ரத்தமோ பிளேட்லெட்டோ ஏற்றவேண்டி வந்தால் கதிர்வீச்சு செய்த ரத்தம்தான் வேண்டும், வேறு ஆஸ்பத்திரிக்கு அவசரமாகப் போனால் இதை நீங்கள்தான் சொல்லவேண்டும், அவர்களுக்குத் தோன்றாது. வண்டி ஓட்டக்கூடாது, இரண்டு மாதம் வரை என்று எங்களிடம் சொன்னார்கள். முதல் மாதம் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருக்கவேண்டும், வெளியூர்க்காரர்கள் வீட்டு வாடகையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கார்-டி எடுத்தவர் என்று எழுதிய அட்டை ஒன்று கொடுப்பார்கள், அதை லேமினேட் செய்து பர்ஸில் வைத்துக்கொள்ளவேண்டும். வீட்டுக்குப் பார்க்க வருகிற சொந்தக்காரர்களைத் தடுப்பது எல்லாவற்றையும்விடக் கடினம், அக்கா வாசலிலேயே நாற்காலி போட்டுவிட்டாள், வருகிறவர்கள் அங்கேயே உட்கார்ந்து, ஜன்னல் வழியாக அத்தானிடம் பேசிவிட்டுப் போவார்கள்.

பலன்? ஒரு மாதத்து பெட் ஸ்கேனில் கட்டி இருந்த இடத்தில் ஒன்றும் ஒளிரவில்லை. மூன்று மாத ஸ்கேனும் அப்படியே. டாக்டர் ‘குணம்’ என்ற வார்த்தையைச் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன், இன்னும் போகவேண்டிய ஸ்கேன்கள் இருக்கின்றன. ஆனால் கீமோவுக்கு அடங்காத ஒரு நோய் அவருடைய சொந்தச் செல்லுக்கே அடங்கியது என்பதைக் கண்ணால் பார்த்தேன், காலையில் அவர் பால் பாக்கெட் வாங்கக் கீழே இறங்கிப் போகிறார். மருந்துக்கு ஐந்துக்கு ஐந்து. பகல் நேரக் கவனிப்புக்கு ஐந்துக்கு நாலரை, ராத்திரிக்கு இரண்டு, பில்லிங்குக்கு ஒன்று.

இதற்கு மாற்று என்ன என்று கேட்பவர்களுக்கு. பெங்களூரு இம்யூனீல் நிறுவனத்தின் கார்டெமி 2025 ஜனவரியில் வந்தது, பார்சிலோனா ஆஸ்பத்திரியில் உருவான தொழில்நுட்பம், பெரியவர்களின் பி செல் லிம்போமாவுக்கு. இரண்டில் எது என்று உங்கள் டாக்டர்தான் சொல்லவேண்டும், இரண்டையும் எடுத்துப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. வாய், தொண்டைப் புற்று உள்ளவர்கள் கார்-டியைத் தேடி அலையாதீர்கள், உங்களுக்கான நோய் எதிர்ப்புச் சிகிச்சை வேறு. டி செல்லின் பிரேக்கை எடுத்துவிடும் நிவோலுமாப் போன்ற மருந்துகள் அவை. இப்படிப்பட்ட பிரேக்குகளை எடுத்துவிட்டுப் புற்றை அடக்கலாம் என்று கண்டுபிடித்ததற்குத்தான் ஜேம்ஸ் ஆலிசனுக்கும் தாசுகு ஹோஞ்சோவுக்கும் 2018இல் நோபல் கிடைத்தது. டாட்டா மெமோரியலில் அதை வெறும் 20 மில்லிகிராம் அளவில், வழக்கமான டோஸில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே, முற்றிய தலை, கழுத்துப் புற்றுக்கு மாத்திரை மருந்துகளோடு கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு வருஷம் உயிரோடு இருந்தவர்கள் 16 சதவீதத்திலிருந்து 43 சதவீதமாக உயர்ந்தார்கள். ஏழைக்கும் எட்டுகிற விலையில் வந்த நல்ல செய்தி இது, இதைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

இன்னொன்று, இதை அழுத்திச் சொல்கிறேன். ‘உங்கள் ரத்தத்தை எடுத்து இம்யூன் செல்லை வளர்த்து ஊசியாகப் போடுகிறோம், எல்லாப் புற்றுக்கும் கேட்கும், பக்கவிளைவே இல்லை’ என்று லட்சக்கணக்கில் வாங்கும் கிளினிக்குகள் இருக்கின்றன. கேட்க கார்-டி மாதிரியே இருக்கும், கார்-டி அல்ல. எந்த மருந்து, அதன் பெயர் என்ன, மத்திய அனுமதி எந்த நோய்க்கு என்று கேளுங்கள். ஐசியு இல்லாத இடத்தில், ஓபியில் உட்காரவைத்து, எல்லா நோய்க்கும் ஒரே செல் ஊசி என்றால் பணத்தைக் கட்டாமல் வெளியே வந்துவிடுங்கள்.

கார்-டி மையத்துக்கு முதல் முறை போகும்போது பழைய டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம், கீமோ சார்ட், ஸ்கேன் சிடிக்கள், பயாப்ஸி ரிப்போர்ட்டோடு ஸ்லைடும், கட்டித் துண்டை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பிளாக்கும் எடுத்துக்கொண்டு போங்கள். பிளாக்கை முதலில் பயாப்ஸி செய்த லேபில் எழுதிக் கேட்டால் கொடுப்பார்கள், சில இடத்தில் சில நாள் ஆகும் என்பதால் அப்பாயின்மென்ட் வாங்கிய அன்றே கேட்டுவிடுங்கள். ஸ்டீராய்டு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், செல் எடுப்பதற்கு முன் அதை நிறுத்தவேண்டியிருக்கும், எப்போது, எப்படிக் குறைப்பது என்று அவர்கள் சொல்வார்கள், நீங்களாக நிறுத்தவேண்டாம்.